கனோலா மரபணு மாற்றத்தால் பிறந்த பயிர் அன்று
ஒருவர், சமையல் எண்ணெய் தரும் கனோலா என்பதே ஆய்வகத்தில் மரபணு மாற்றம் செய்து உருவாக்கப்பட்ட பயிர் என்று எழுதியிருக்கிறார். இது சரியன்று. கனோலாவின் மூலப்பயிர் ரேப் என்ற கடுகு இனத்து எண்ணெய் வித்து; அந்த ரேப் விதை எண்ணெயில் மிகுதியாக இருந்த, உடலுக்கு உகந்ததல்ல என்று கருதப்பட்ட எரூசிக் அமிலம் என்ற கொழுப்பமிலத்தைக் குறைத்தது வழக்கமான பயிர்ப்பெருக்கமே. கனடாவின் சாஸ்கட்டூனில் வேதியியலாளர் பர்ட்டன் கிரெய்க் வாயு குரோமட்டோகிராபியை (கலவையின் கூறுகளைப் பிரித்து அளக்கும் முறை) எண்ணெய்ப் பகுப்பாய்வுக்கு ஏற்றவாறு அமைத்துத் தந்ததால், ஒரே ஒரு விதையின் ஒரு வித்திலையை மட்டும் வெட்டியெடுத்து அதன் கொழுப்பமிலங்களை அளந்துவிட்டு, முளைக்கருவோடு எஞ்சிய பாதியை நட்டு வளர்க்கும் அரைவிதை முறையைப் பயிர்ப்பெருக்க அறிஞர் கீத் டவுனியால் கையாள முடிந்தது. விதையை அழிக்காமலே அதன் தரத்தை அறியும் இந்த வழிதான், என் பார்வையில், முழுக் கதையின் திருப்புமுனை. பயிர்ப்பெருக்க வரலாற்றில் வேதியியலாளரின் பங்கு போதிய அளவு பேசப்படுவதில்லை என்பது என் வருத்தம்.

எரூசிக் அமிலம், குளுக்கோசினோலேட் (விதையில் காரச்சுவை தரும் கந்தகச் சேர்மம்) இரண்டும் குறைந்த முதல் ரகமான 'டவர்', மனிடோபா பல்கலைக்கழகத்தின் பால்டர் ஸ்டெஃபான்சனால் 1974இல் வெளியிடப்பட்டது. களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு மாற்ற ரகங்கள் சாகுபடிக்கு வந்தது 1995இல்தான். இன்று கனடாவில் பயிராவதில் பெரும்பகுதி அத்தகைய ரகங்களே என்பது உண்மை. ஆனால் எண்ணெயின் தரம் அவற்றால் வந்ததன்று.