ஈரக்கால் தடம் பார்த்து ஓட்ட ஷூ வாங்கலாமா?

வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு தகவல்: காலை நனைத்துத் தரையில் பதியுங்கள், தட்டைப் பாதம் என்றால் இந்த ஷூ, வளைவு அதிகம் என்றால் அந்த ஷூ, அப்படி வாங்கினால் ஓடும்போது காயமே வராதாம். தவறு. அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரீன் படை மூன்றிலும் புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒரு பிரிவுக்குப் பாத வளைவுக்கேற்ற ஷூவும் இன்னொரு பிரிவுக்கு வளைவைப் பார்க்காமல் ஒரே வகை ஷூவும் கொடுத்து ஒப்பிட்டார்கள்; 2009, 2010இல் வெளியான முடிவுகளில் காயங்கள் கிட்டத்தட்ட சமம்தான்.

சரி, அப்புறம் எதைப் பார்ப்பது? கால் லேசாக வீங்கியிருக்கும் சாயங்காலத்தில், ஓடும்போது போடும் சாக்ஸோடு கடைக்குப் போங்கள். இரண்டு காலையும் அளக்கச் சொல்லுங்கள், பெரிய காலுக்குத்தான் ஷூ. நின்று பார்த்தால் நீளமான விரலுக்கு முன்னால் (எல்லோருக்கும் அது பெருவிரல் இல்லை) ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், குதிகால் நழுவக் கூடாது. ஷூ இறுக்கமாக இருந்து, கடைக்காரர் "போடப் போட இளகிடும்" என்றால் கழற்றி வைத்துவிடுங்கள்.