இமான் பிறந்தது நைரோபியில் இல்லை
மாடல் அழகி இமான் பற்றிய உங்கள் கட்டுரையில் அவரைக் கென்யாவில் பிறந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் பிறந்தது 1955-இல், சோமாலியாவின் மொகதிசுவில். தந்தை தூதர். பின்னாளில் குடும்பம் கென்யாவில் தஞ்சம் புகுந்தது. 1975-இல் நைரோபி பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் படித்துக்கொண்டிருந்த அவரைத்தான் புகைப்படக்காரர் பீட்டர் பியர்ட் தெருவில் பார்த்தார். படமெடுக்க அனுமதித்ததற்குக் கூலியாக இமான் கேட்டது கல்லூரிக் கட்டணம். ஆனால் ஆடு மேய்த்த பெண் என்று பியர்ட் நியூயார்க்கில் பரப்பிய கட்டுக்கதையைத்தான் பத்திரிகைகள் நம்பின. ஐந்து மொழி பேசிய மாணவிக்கு இழைத்த அநீதி அது.

அவர் வாழ்வில் நடிப்பு சிறிய பகுதிதான். 1991-இல் வந்த ஸ்டார் ட்ரெக் அறிவியல் புனைவு வரிசையின் ஆறாம் படத்தில் உருமாறும் மார்ட்டியா வேடம் குறிப்பிடத்தக்கது.

அவர் 1994-இல் தொடங்கிய அழகுசாதன நிறுவனத்துக்கு இன்னும் இடம் கொடுத்திருக்கலாம். அவர் மாடலாக வந்த காலத்து ஒப்பனைக் கலைஞர்களிடம் அவர் நிறத்துக்கு ஃபவுண்டேஷன் (தோல் நிறத்துக்கேற்ப முகத்தில் பூசும் அடிப்பூச்சு) கிடையாது. தானே கலந்து எடுத்துப் போவார். வெளிர் நிறத்துக்கான கலவையில் வெள்ளை நிறமியான டைட்டானியம் டைஆக்சைடு அதிகம், கருந்தோலில் அது சாம்பல் பூத்துவிடும். அடர் பழுப்பை மட்டும் கூட்டினாலும் சரிவராது, அடியில் ஓடும் சிவப்பும் மஞ்சளும் சேர வேண்டும். புறங்கையில் தடவிப் பார்த்து வாங்குவது தவறு. தாடையோரம் தடவி, பத்து நிமிடம் கழித்துப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.