கவாத்து பண்ணினாலும் செண்டுமல்லி மறுவருஷம் வராது

ஒருவர், செண்டுமல்லியைப் பூத்து ஓய்ந்ததும் ஒட்ட வெட்டிக் கவாத்து பண்ணிவிட்டால் மல்லிகை மாதிரி வருஷாவருஷம் தழையும் என்று எழுதியிருக்கிறார். தழையாது. மல்லிகை, பிச்சி, சங்குப்பூ எல்லாம் பல வருஷம் நிற்பவை. கவாத்து அவற்றுக்குச் சரி. செண்டுமல்லியின் ஆயுளே சில மாதம்தான். விதைத்து ரெண்டு மாதம் போல ஆனதும் பூக்கும், விதை பிடிக்கும், காயும். எங்கள் செங்கோட்டைப் பக்கம் ஓணத்துக்குக் கேரளாவுக்கு அனுப்பப் பூ பயிரிடுகிறவர்கள், பறிப்பு முடிந்ததும் செடியை உழுதுதான் விடுவார்கள். வெட்டி வைத்துக் காத்திருப்பதில்லை.

நடவு செய்து ஒரு மாதத்தில் நுனியைக் கிள்ளுவார்கள். பக்கக்கிளை கூடும், பூவும் கூடும். அதைத்தான் அவர் கவாத்து என்று நினைத்துவிட்டார் போல.

'என் வீட்டில் வந்ததே' என்பவர்கள் தூரைத் தோண்டிப் பாருங்கள். பழைய தண்டு ஒடித்தால் மொடமொடவென்று உடையும். பக்கத்தில் முளைத்திருப்பது உதிர்ந்த விதை. வேலியில் என் மயில்மாணிக்கக் கொடியும் இதே வேலையைக் காட்டித்தான் மூன்று வருஷம் என்னை ஏமாற்றியது.

வாடிய பூவைக் காயவைத்து, அடியில் இருக்கும் கறுப்பு ஊசி விதையை எடுத்து வையுங்கள். கலப்பின ரகம் என்றால் தாய்ச்செடி மாதிரியே பூக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அப்புறம், எங்கள் ஊர் மாதிரி சாரல் விடாமல் அடிக்கும் இடத்தில் மேட்டுப்பாத்தியில் நடுங்கள், தண்ணீர் நின்றால் வேர் அழுகிவிடும்.