வஞ்சிரம் இல்லை என்று சொல்லும் கடையில் உட்காருங்கள்

கோடை விடுமுறைக்கு ராமேஸ்வரம் பக்கம் போகிற நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகுகள் கரையிலேயே கட்டிக் கிடக்கும். நாட்டுப்படகும் வல்லமும்தான் கடலுக்குப் போய் வரும். அந்த நேரத்தில் ஒரு கடையில் வஞ்சிரம், பெரிய இறால் என்று கேட்டதெல்லாம் தட்டில் வந்தால், அதில் பெரும்பாலானது ஐஸ் பெட்டியில் வெளியூரிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். மேற்குக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்கும், மே மாதம் அங்கிருந்து மீன் வரத்து உண்டு. அது கெட்ட மீன் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதைத் தின்ன மதுரையிலிருந்து பாம்பன் பாலம் தாண்டிப் போக வேண்டுமா?

போன மே மாதம் நண்பர்களோடு போனபோது முதல் நாள் சாலையோரம் ஒரு பெரிய உணவகத்தில் சாப்பிட்டோம். சிவப்புச் சாயமும் கார்ன்ஃப்ளவரும்தான் நாக்கில் நின்றது, மீன் சக்கையாக இருந்தது. மறுநாள் பாம்பனில் ஒரு ஆட்டோக்காரரிடம், "மதியம் நீங்க எங்கண்ணே சாப்பிடுவீங்க?" என்று கேட்டோம். நல்ல ஹோட்டல் எது என்று கேட்டிருந்தால் வேறு இடத்தைக் காட்டியிருப்பார். அவர் கைகாட்டியது ஓலை வேய்ந்த ஒரு சின்ன மெஸ். பெயர்ப்பலகை, மெனு கார்டு எதுவும் இல்லை.

உட்கார்ந்ததும் நண்பன் வஞ்சிரம் கேட்டான். "வஞ்சிரம் கிடையாது தம்பி, தடைக்காலம்ல. காலையில வல்லத்துல வந்தது விளைமீனும் காரலும்தான்" என்றார் கடைக்கார அக்கா. சொன்னதோடு நிற்காமல் உள்ளே போய் ஒரு விளைமீனை எடுத்துவந்து, கட்டைவிரலால் செவுளைத் தூக்கிக் காட்டினார். ரத்தச் சிவப்பு. கண் முட்டிக்கொண்டு பளபளவென்று இருந்தது.

விளைமீன் பவளப்பாறைகளை ஒட்டி மேய்கிற மீன். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி அந்தப் பாறைகள் இருப்பதால் இந்தப் பக்கம் நன்றாகக் கிடைக்கும். அக்கா அதில் மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு மட்டும் தடவி வறுத்திருந்தார். தோல் மொறுமொறுப்பு, உள்ளே வெள்ளை வெளேரென்று இதழ் இதழாகப் பிரிந்தது. காரல் குழம்போ தண்ணியாக, புளி அளவாக, மல்லி தூக்கலாக இருந்தது. காரல் சின்ன மீன், முள் அதிகம். நண்பன் தயங்கினான். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர், தலையைப் பிடித்துக்கொண்டு நடுமுள்ளின் இரண்டு பக்கமும் விரலால் வழித்தெடுக்கச் சொல்லிக் கொடுத்தார். அப்புறம் அவன் குழம்பை மூன்று தடவை கேட்டு வாங்கினான்.

முள் இல்லாத மீன் மட்டும்தான் மீன் என்று நம் பிள்ளைகளைப் பழக்கிவிட்டோம் என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம். எல்லாரும் வஞ்சிரத்தையே கேட்டால் அதன் விலை ஏறிக்கொண்டேதான் போகும். காரல், சூடை, சாளை மாதிரி மலிவான, ருசியான மீன்களைச் சமைக்கிற கை அந்தந்த ஊரில்தான் இருக்கிறது. அந்தக் கடைகளுக்கு விளம்பரம் கிடையாது. போய்ச் சாப்பிடுகிறவர்களை நம்பித்தான் அடுப்பு எரிகிறது.

கூட்டிப் போகிற நண்பர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: உட்கார்ந்ததும் "இன்னைக்கு என்னக்கா வந்திருக்கு?" என்றுதான் கேட்க வேண்டும். ஒரு மணிக்குள் போய்விடுவது நல்லது. நாங்கள் எழுந்திருக்கும்போதே விளைமீன் தீர்ந்து, வந்தவர்களுக்கு வெறும் குழம்புதான் கிடைத்தது.