17 நிமிட ஆட்டத்துக்கு ஒரு நாள்

இந்தச் சனி, ஞாயிறுக்கு எனக்கும் மனைவிக்கும் இடையே பாகப்பிரிவினை நடந்தது. மூத்தவன் அவளுக்கு, இளையவன் எனக்கு. மூத்தவனுக்கு 15 வயது, ஹாக்கி ஆடுகிறான், ஆட்டங்கள் உள்ளூரிலேயே. இளையவனுக்கு 10 வயது, ஷட்டில். அவனுக்குத் திருநெல்வேலியில் போட்டி. கோவில்பட்டியில் பிறந்துவிட்டு ஷட்டில் மட்டையைத் தூக்கிக்கொண்டு அலைகிறானே என்று என் மாமனாருக்கு இன்னும் மனத்தாங்கல். ஹாக்கி மட்டை இல்லாத வீட்டைக் குறை சொல்லும் ஊர் இது.

சனிக்கிழமை காலை 5.45 மணி பஸ்ஸில் ஏறினோம். 8 மணிக்குள் பெயரைப் பதிவு செய்யாவிட்டால் ஆட்டம் கிடையாது என்று வாட்ஸ்அப்பில் எச்சரித்திருந்தார்கள். ஏழேகாலுக்கே போய் நின்றோம். ஆட்டத்துக்கு அழைத்தது மதியம் 1.40 மணிக்கு.

இடைப்பட்ட ஆறரை மணி நேரத்தை எப்படி விவரிப்பது? அரங்கத்துக்குள் மின்விசிறியைப் போட மாட்டார்கள், காற்றில் பந்து விலகும் என்பதால். "அடுத்து உங்கள் ஆட்டம்தான்" என்று மூன்று முறை சொன்னார்கள். மூன்று முறையும் பையன் எழுந்து, குதித்து, கைகாலை உதறி, உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, மறுபடியும் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தான். வீட்டிலிருந்து கொண்டுபோன இட்லியைத் தொடவில்லை. சாப்பிட்ட உடனே கூப்பிட்டுவிட்டால் ஓட முடியாதாம். பாதி பன்னை மட்டும் தின்றுவிட்டு, ஷூ நாடாவை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான். எத்தனை முறை என்று எண்ணத் தொடங்கி, பிறகு எனக்கே பாவமாகப் போய் விட்டுவிட்டேன்.

எதிரே வந்தவன் தரவரிசையில் முதலிடத்துக்காரன். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. தோற்றால் அத்தோடு வெளியே என்கிற நாக்-அவுட்டில், டிரா போடும்போது, அதாவது யாரோடு யார் ஆடுவது என்று பட்டியல் போடும்போது, பெரிய ஆட்டக்காரர்களை ஒருவரோடு ஒருவர் மோதவிடாமல் தனித்தனி மூலையில் வைப்பார்கள். அப்படியானால் முதல் சுற்றில் அவர்கள் யாரோடுதான் மோதுவார்கள்? நேற்று வந்த புதுப் பையன்களோடுதான். முதல் கேம் 21-6. அந்தப் பையன் வலையை ஒட்டிப் பந்தை மெதுவாகப் போட்டுவிடுவான். இவன் பின்னாலிருந்து ஓடி வந்து தரையில் கிடக்கும் பந்தைப் பார்ப்பான். இரண்டாவது கேமின் நடுவில் ஒன்று நடந்தது. அவன் தோள் இறங்குவதைப் பார்த்தே இவன் முன்னால் வரத் தொடங்கிவிட்டான். வரிசையாக நான்கு புள்ளி எடுத்தான். நான் எழுந்தே நின்றுவிட்டேன். 21-11. முடிந்தது. மொத்தம் 17 நிமிடம்.

பக்கத்தில் நின்ற தென்காசிக்காரர் ஒருவர், அவர் மகளும் அப்போதுதான் தோற்றிருந்தாள், "அண்ணாச்சி, நிமிடத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று கணக்குப் போட்டீர்களா?" என்று சிரித்தார். பஸ்ஸில் வரும்போது போட்டேன். நுழைவுக் கட்டணம் 600, பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் 335. நிமிடத்துக்கு 55 ரூபாய். பணம்கூடப் போகட்டும். ஆட்டம் என்னவென்று பிடிபட்ட நேரத்தில் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களே, அதுதான் ஆறவில்லை. கோர்ட்டில் கழித்துப்போட்ட பந்து ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தான். கயத்தாறு தாண்டும்வரை அதன் இறகுகளைத் தடவி எண்ணிக்கொண்டிருந்தான். 16 இறகில் மூன்று ஒடிந்திருந்தன.

இங்கே மூத்தவன் கதை வேறு. நான்கு அணிகள், எல்லோரும் எல்லோரோடும் ஆடும் லீக் முறை, ஆளுக்கு மூன்று ஆட்டம். (நான்கே அணிகள் வந்ததால்தான் லீக் என்பது வேறு விஷயம். எட்டு வந்திருந்தால் இங்கேயும் நாக்-அவுட் வைத்திருப்பார்கள்.) சனி காலை 0-5 என்று செம தோல்வி. முன்வரிசையில் நின்று பந்துக்காகக் காத்தே களைத்துப்போனான் என்று மனைவி போனில் சொன்னாள். மாலை ஆட்டத்தில் பயிற்சியாளர் அவனைப் பின்னுக்கு இழுத்து, வலது ஓரத்தில் எதிராளியைத் தடுக்கும் வலது ஹாஃபில் நிறுத்தினார். நாங்கள் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது செயற்கைப் புல்வெளிக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஈரத்தில் பந்து போகும்போது பின்னால் ஒரு வாலைப்போலத் தண்ணீர் தெறிக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. அந்த ஆட்டம் 1-1. நடுவில் எதிராளியின் மட்டையைத் தட்டிவிட்டுப் பச்சை அட்டை வாங்கி, இரண்டு நிமிடம் வெளியே உட்கார்ந்தான். நான் அம்பயரைப் பார்த்துக் கத்தினேன். சத்தியமாக அம்பயர் செய்தது சரி. எனக்குத்தான் திருநெல்வேலிக் கோபம் இறங்கவில்லை. ஞாயிறு காலை மூத்தவன் மெதுவாக வந்து, "அப்பா, நீங்கள் அந்தக் கோல் பக்கம் போய் நின்றுகொள்ளுங்கள்" என்றான். போய் நின்றேன். 2-1 என்று வென்றார்கள். முதல் நாள் காலை தத்தளித்தவன் மறுநாள் வலது ஓரத்தில் ஒருவனையும் கடக்கவிடவில்லை.

என் வாதம் இவ்வளவுதான்: 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு முதல் சுற்றிலேயே நாக்-அவுட் வைக்காதீர்கள்.

உடனே "கோர்ட் போதாது, நேரம் போதாது" என்பார்கள். நெல்லையிலும் மேசையில் இருந்தவரிடம் கேட்டேன். "எல்லா இடத்திலும் இப்படித்தான் சார்" என்றார். சரி, பென்சிலை எடுத்துக்கொள்வோம். இவன் பிரிவில் 64 பேர். நாக்-அவுட்டில் 63 ஆட்டம். மூன்றுக்கு இரண்டு கேம் வெல்ல வேண்டும் என்பதால், குறைந்தது 126 கேம். இதில் 32 பிள்ளைகள் ஒரே ஆட்டத்தோடு பையைக் கட்டுகிறார்கள். இப்போது அதே 64 பேரை நான்கு நான்காக 16 குழுவாகப் பிரியுங்கள். குழுவுக்கு ஆறு ஆட்டம், மொத்தம் 96. அவற்றை 21 புள்ளிக்கு ஒரே கேமாக வையுங்கள். பிறகு குழுவில் முதலில் வந்த 16 பேருக்கு வழக்கமான நாக்-அவுட், 15 ஆட்டம், குறைந்தது 30 கேம். கூட்டினால் 96, 30, அதே 126! எனக்கே நம்பிக்கை வராமல் இரண்டாம் முறை கூட்டிப் பார்த்தேன். அதே கோர்ட், அதே நேரம். ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் மூன்று பேரோடு ஆடிவிட்டுப் போகும். புள்ளி சமமானால் என்ன செய்வது, ஒருவன் வராவிட்டால் என்ன செய்வது என்ற தலைவலி கொஞ்சம் கூடும், ஒத்துக்கொள்கிறேன். கட்டணம் வாங்குகிறவர்கள் அந்தத் தலைவலியைத் தாங்கலாம்.

"சின்ன வயதிலேயே தோற்றுப் பழகட்டும்" என்கிறவர்களுக்கும் ஒன்று. மூத்தவன் ஐந்து கோல் வாங்கித் தோற்றான். அந்தத் தோல்வியை மாலையே எடுத்துப் பயன்படுத்த அவனுக்கு இன்னொரு ஆட்டம் இருந்தது. இளையவனுக்கு இருந்தது பஸ் மட்டும். 2025-இல் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையோடு மதுரையிலும் நடந்தபோது மூத்தவனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். 24 அணிகள், நான்கு நான்காக ஆறு பிரிவு. எவ்வளவு மோசமாக ஆடிய அணிக்கும் பிரிவில் மூன்று ஆட்டம் உறுதி. உலகக் கோப்பைக்கு வருகிற 20 வயது இளைஞர்களுக்குக் காட்டும் கருணையைப் பத்து வயதுப் பையனுக்குக் காட்டினால் என்ன குறைந்துவிடும்?

அடுத்த போட்டி தூத்துக்குடியில். அதுவும் நாக்-அவுட்தான், பணமும் கட்டிவிட்டேன், திட்டாதீர்கள். வியாழக்கிழமை டிரா வரும். இளையவன் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறான்: "அந்தப் பையன் வருவானா அப்பா?" முதல் சுற்றிலேயே அவனோடுதான் விழ வேண்டுமாம் இவனுக்கு.