‘இஞ்ச உது தேவைப்படாது அண்ணை’

இந்த ஒரு வசனத்தை ஒரு மாதத்துக்குள் ஏழு பேர் வாயால் கேட்டுவிட்டேன். மூன்று கராஜ்காரர், இரண்டு பார்ட்ஸ் கடைக்காரர், பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற மாஸ்ரர், கடைசியில் என் சொந்த மைத்துனர். எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. “யாழ்ப்பாணத்தில காருக்கு ஹீற்றரோ? மத்தியானம் கண்ணாடியளைப் பூட்டிப்போட்டு உள்ளுக்க ஒருக்கால் இருந்து பாருங்கோ, அதுதான் ஹீற்றர்.” முதல் ஆள் சொன்னபோது நானும் சேர்ந்து சிரித்தேன். ஏழாவது ஆளோடு சண்டை வராமல் போனது மனைவி என் சேர்ட்டைப் பிடித்து இழுத்ததால்தான்.

சரி, காண்டாவன வெயிலில் இந்த ஊரில் ஒருவரும் ஹீற்றர் போடப் போவதில்லை. மார்கழியிலும் போடப் போவதில்லை. அது எனக்கும் தெரியும். ஆனால் நான் என்ன முனியப்பர் கோயிலடியிலிருந்து முத்திரைச் சந்தி வரைக்கும் ஓடவா கார் வாங்கினேன்?

தைப்பொங்கல் முடிந்த கிழமை, சீதா எலிய அம்மன் கோயிலைப் பார்க்க வேண்டும் என்று அம்மா கேட்டார். எழுபத்திரண்டு வயதில் கேட்ட ஒரே ஆசை. அதிகாலை நாலு மணிக்கு அம்மா, மனைவி, பிள்ளைகள் இரண்டு, நான், ஒரு பெட்டி நிறையப் பயித்தம் பணியாரம் என்று வெளிக்கிட்டோம். கண்டி மட்டும் ஒரு குறையும் இல்லை. கம்பளை தாண்டி றம்பொடைப் பக்கம் ஏறத் தொடங்கும்போது பொழுது சாய்கிறது, மழை தூறுகிறது, மலையிலிருந்து பனிப்புகார் இறங்குகிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். நாங்களோ கீரிமலை என்ற பெயரில் மட்டும் மலையை வைத்திருக்கிற சனம். எங்களுக்கு அந்தக் கூதல் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கூதலைக்கூடப் பொறுக்கலாம். உள்ளே ஐந்து பேரின் மூச்சு, வெளியே குளிர். முன்கண்ணாடி பால் ஊற்றின மாதிரி வெளுத்துவிட்டது. குமிழைச் சிவப்புப் பக்கம் முழுக்கத் திருகி, புளோவரை நாலில் போட்டேன். வந்தது பனிக்காற்று. எஞ்சின் சூடாகட்டும் என்று காத்திருக்கவும் நியாயம் இல்லை, பன்னிரண்டு மணித்தியாலம் ஓடிவந்த எஞ்சின் அது. ஆனால் வெப்பமானி முள்ளு அடியிலிருந்து கொஞ்சம் எழும்பி, அதற்கு மேல் போகமாட்டேன் என்று நிற்கிறது. பின்னாலிருந்து அம்மா, “தம்பி, உது ஏசியெல்லே, நிப்பாட்டு ராசா” என்கிறார். மனைவி சின்னவனின் துவாயால் கண்ணாடியைத் துடைக்கிறாள், துடைத்த கை எடுக்க முதல் மறுபடி மூடுகிறது. கொண்டை ஊசி வளைவில் எதிரே ஒரு லொறி ஹோர்ன் அடித்தது காதில் கேட்டது, கண்ணில் தெரியவில்லை. அந்த இரண்டு நொடியை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வேர்க்கிறது.

கடைசியில் ஏசியையே போட்டேன். ஏசி காற்றின் ஈரத்தை உறிஞ்சும், கண்ணாடி தெளியும். உள்காற்றையே சுற்றவிடாமல் வெளிக்காற்றை எடுக்கிற பக்கம் பொத்தானை மாற்றவும் வேண்டும். ஹீற்றர் வேலை செய்திருந்தால் இரண்டையும் சேர்த்துப் போட்டுச் சூடான உலர்காற்றில் சுகமாகப் போயிருக்கலாம். அது இல்லாததால், நுவரெலியாவுக்குத் தை மாதத்தில் ஏசி போட்டுக்கொண்டு பல்லுக் கிடுகிடுக்க ஏறின குடும்பம் என்ற பெருமை எங்களுக்குக் கிடைத்தது. அம்மா கோயிலில் அரை மணித்தியாலம் நின்றார். திரும்பி வந்து இரண்டு கிழமை இருமினார்.

ஊருக்கு வந்து முதல் கராஜ்: சிரிப்பு. இரண்டாவது கராஜ்: “ஏசி காஸ் குறைஞ்சிருக்கும், அடிச்சு விடட்டோ?” சூடு வரவில்லை என்று சொல்லிக்கொண்டு போனவனுக்குக் குளிர் காஸ் அடிக்க நிற்கிறார்கள்! ஹீற்றர் என்ற சாமான் எப்படி வேலை செய்கிறது என்று கேட்க இந்த ஊரில் ஆள் இல்லையா என்று வெறுத்துப்போய், ரொறன்ரோவில் இருக்கும் மச்சானுக்கு வட்ஸ்அப்பில் வீடியோக் கோல் எடுத்தேன். எனக்குக் காலை ஒன்பது, அவனுக்கு முந்தின இரவு பத்தரை. கார் மெக்கானிக் இல்லை, கணக்குப் பார்க்கிறவன். ஆனால் அங்கே ஹீற்றர் வராவிட்டால் காரை விட்டு இறங்கி நடக்க வேண்டியதுதான் என்பதால் எல்லாருக்கும் இந்த வித்தை தெரிந்திருக்கிறது.

அவன் விளக்கினது இவ்வளவுதான். ஹீற்றர் என்று தனியாக நெருப்பு மூட்டுகிற சாமான் ஒன்றும் எங்கள் காரில் இல்லை. எஞ்சினைக் குளிரவைக்கச் சுற்றி ஓடிச் சூடேறின தண்ணீரில், அதாவது கூலன்ற்றில் ஒரு பங்கு, டாஷ்போட்டுக்குப் பின்னால் இருக்கிற குட்டி றேடியேற்றர் ஒன்றுக்கு வருகிறது. அதுதான் ஹீற்றர் கோர். புளோவர் அதன் ஊடாகக் காற்றை ஊதுகிறது. எப்படியும் வெளியே வீசப்போகிற சூடு, சல்லிக்காசு செலவில்லை. “எஞ்சினைச் சூடாக்கிப்போட்டு பொனற்றைத் திற. உள்பக்கத்துக்குப் போற ரெண்டு ஹோசையும் தொட்டுப் பார். ரெண்டும் சுட்டால் தண்ணி ஓடுது, உள்ளுக்க சூட்டையும் குளிரையும் கலக்கிற கதவு இறுகிப்போச்சு. ஒண்டு சுட்டு மற்றது குளிரா இருந்தால் கோர் அடைச்சிட்டுது, இல்லாட்டி வால்வு பூட்டுப்பட்டிருக்கு. ரெண்டும் இளஞ்சூடெண்டால் கூலன்ற் குறைவு, காத்து அடைப்பு, இல்லாட்டி றேடியேற்றருக்குத் தண்ணியைத் திறந்து விடுற தெர்மோஸ்ரற் திறந்தபடி நிக்குது. றேடியேற்றர் மூடியில மட்டும் சூட்டோட கை வைச்சிடாதை.”

தொட்டுப் பார்க்கலாம் என்று போனால் ஹோசைக் காணவில்லை! தகட்டுச் சுவரில் இரண்டு குழாய் முனை மொட்டையாக நிற்கிறது. எஞ்சினிலிருந்து புறப்பட்ட ஹோஸ் குதிரை லாடம் மாதிரி வளைந்து மறுபடி எஞ்சினுக்குள்ளேயே போயிருக்கிறது. மச்சான் திரையில் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான். “டேய், உனக்கு ஹீற்றரே இல்லையடா” என்றான்.

அத்தோடு விட்டதா? மூன்றாவது கராஜில் தெர்மோஸ்ரற் இருக்கிற மூடியைக் கழற்றினால் உள்ளே வெறுமை. தெர்மோஸ்ரற்றையும் காணவில்லை. அப்போதுதான் நினைவு வந்தது. 2021இல் ஒரு நாள் கார் ஓவர்ஹீற் ஆகி ஓர் இடத்தில் விட்டேன். பேரைச் சொல்லவில்லை, சொன்னால் இன்னொரு சண்டை. அங்கேயே போய்க் கேட்டேன். அவருக்கு மறைக்கிற எண்ணமே இல்லை, பெருமையாகவே சொன்னார்: “ஓம் அண்ணை, கோர் கசியப் பாத்தது, மாத்திறதெண்டால் டாஷ்போட் முழுக்கக் கழட்டவேணும். அதுதான் வளைச்சுக் கொழுவி விட்டனாங்கள். தெர்மோஸ்ரற்றும் எடுத்தாச்சு, எஞ்சின் கூலா நிக்கும். இஞ்ச உது தேவைப்படாது அண்ணை.”

கழற்றினதைவிட, கழற்றினதை எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டதுதான் வயிற்றெரிச்சல். பில்லில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? ‘ஓவர்ஹீற் செக் பண்ணியது’. அவ்வளவுதான். என் காரில் எது தேவை, எது தேவையில்லை என்று முடிவெடுக்க இவர் யார்? வைத்தியர் வயிற்றை வெட்டி ஒன்றை எடுத்துவிட்டு, “உங்களுக்கு உது தேவைப்படாது” என்று தையலைப் போட்டு அனுப்பினால் விடுவோமா?

தேவைப்படாது என்பதும் பொய். தெர்மோஸ்ரற்றுக்குள் ஒரு துண்டு மெழுகு இருக்கிறது. குறித்த சூடு வந்ததும், என் காருக்கு 82 பாகை, மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கும். அதுவரை றேடியேற்றருக்குத் தண்ணீர் போகாது, எஞ்சின் சுறுக்காகச் சூடேறும். அது இல்லாத எஞ்சின், தான் இன்னும் காலையில் இப்போதுதான் எழும்பினேன் என்ற நினைப்பிலேயே பெற்றோலைக் கூட்டிக் குடிக்கும். 2022ஐ நினைத்துப் பாருங்கள். கியூஆர் கோட்டைக் காட்டிக் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று வாங்கின காலம். வெயிலில் லைனில் நின்று வாங்கின அந்த 20 லீற்றரில் எத்தனை லீற்றரை இந்த வெறும் ஓட்டை குடித்ததோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

இன்னொன்று. தெர்மோஸ்ரற் கெட்டுப் பூட்டியபடி நின்றால் எஞ்சின் கொதிக்கும், உண்மை. அதற்குப் புதிதைப் போடுவதை விட்டு எடுத்து எறிந்தால், சில எஞ்சின்களில் தண்ணீர் றேடியேற்றருக்குள்ளால் போகாமல் குறுக்கு வழியால் திரும்பிவிடும். சூடேறாமல் இருக்கக் கழற்றினது சூட்டைக் கூட்டியும் விடும். ஹீற்றர் யாழ்ப்பாணத்தானுக்கும் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்: ஓமந்தைக்கும் மாங்குளத்துக்கும் நடுவில், நட்ட நடு மத்தியானம் முள்ளு சிவப்புக்குப் போனால் என்ன செய்வீர்கள்? ஏசியை நிப்பாட்டி, ஹீற்றரை முழுச் சூட்டில் போட்டால் அந்தக் குட்டி றேடியேற்றர் எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கை வாங்கி உங்கள் முகத்தில் வீசும். வேர்த்துக் கொட்டும், ஆனால் ஓரமாக நிறுத்தும் வரைக்கும் எஞ்சின் தலைப்பகுதியை அடைத்து வைக்கிற ஹெட் கஸ்கற் எரியாமல் தப்பும்.

இந்த ஊர் மெக்கானிக் எல்லாரையும் திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். தொண்ணூறுகளில் பெற்றோல் தடை இருந்தபோது பழைய ஒஸ்ரினையும் மொறிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்த கைகள் இவை. துளிப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, புகை கக்கக் கக்க ஓடின காரில்தான் நான் காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி போனேன். அப்போது சாமான் இல்லை, அதனால் வெட்டினார்கள், ஒட்டினார்கள். வெட்டினதை முகத்துக்கு நேரே சொன்னார்கள். இப்போது கொழும்பில் பார்ட்ஸ் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்கு ஒரு கோல் எடுத்தால் விடிய பஸ்ஸில் பார்சல் வந்து நிற்கிறது. இருந்தும் அதே வேலை.

புதுத் தெர்மோஸ்ரற்றும், கழற்றின காரொன்றின் ஹீற்றர் கோரும் அப்படித்தான் வந்தன. தெர்மோஸ்ரற்றை வீட்டுச் சட்டியில் தண்ணீரோடு கொதிக்கவைத்துத் திறக்கிறதா என்று பார்த்தேன். திறந்தது. அந்தச் சட்டியில் இனி பால் காய்ச்ச மாட்டேன் என்று மனைவி சொல்லிவிட்டாள். றேடியேற்றரைத் திறந்தால் வந்தது கூலன்ற் இல்லை, தேத்தண்ணி நிறத்தில் கிணற்றுத் தண்ணீர். எங்கள் ஊர் சுண்ணக்கல்லுத் தண்ணீர், கேத்திலில் ஆறு மாதத்தில் வெள்ளையாகக் கல்லுப் பிடிக்கிறது. அதைத்தான் இத்தனை வருடமாக எஞ்சினுக்குள் ஊற்றியிருக்கிறார்கள். அதையும் கேட்டேன். கூலன்ற்றும் இஞ்ச தேவைப்படாதாம்.

டாஷ்போட்டைக் கழற்றிக் கோர் மாற்ற இரண்டு நாள். சுத்தத் தண்ணீரால் நாலு தரம் கழுவி, கூலன்ற் விட்டு, முன்பக்கத்தை மேட்டில் ஏற்றி நிறுத்திக் காற்றடைப்பு எடுத்தோம். மச்சான் வீடியோவில் நின்று சொல்லச் சொல்லத்தான் எல்லாம். முள்ளு நடுவுக்கு வந்து அசையாமல் நின்றது, நான் அந்தக் காரை வாங்கின பிறகு அதை அங்கே பார்த்ததாக நினைவில்லை. குமிழைத் திருகினேன். சூடு! மத்தியானம் ஒரு மணி, கண்ணாடி நாலும் பூட்டு, முகத்தில் அனல். சேர்ட் நனைய நனையச் சிரித்துக்கொண்டிருந்தேன். மாஸ்ரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

இப்போது அறுபதில் போனால் டாஷ்போட்டுக்குள் ‘கட கட’ என்று ஒரு சத்தம். நேற்றுப் பார்த்தால் தேத்தண்ணிக் கப் வைக்கிற பள்ளத்தில் மூன்று ஸ்குறூவும் ஒரு கிளிப்பும் கிடக்கிறது. வேலை செய்த பெடியனுக்கு எடுத்துக் கேட்டேன்.

“அது மிஞ்சினது அண்ணை. தேவைப்படாது.”