மருத்துவமனைத் தரவுக்கு யார் பொறுப்பு?

புதிய மென்பொருள் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பும் மருத்துவமனை நிர்வாகங்களைப் பார்த்துச் சலித்துவிட்டது. பெரும் தொகை கொடுத்து மென்பொருளை மாற்றுகிறார்கள். பழையதில் இருந்த பிழைகள் அத்தனையும் புதியதில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. சில மாதங்களில் அதே புலம்பல்.

நான் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் வேலை பார்ப்பவள். நோயாளியைப் பற்றிய விவரம் சரியாக இருப்பதற்கு இங்கே யார் பொறுப்பு என்று கேட்டால், ஒரே ஒருவரைக் கைகாட்டக்கூடிய மருத்துவமனையை நான் இதுவரை பார்த்ததில்லை. சர்வர் ஓடுகிறதா என்பதோடு கணினிப் பிரிவின் வேலை முடிந்துவிடுகிறது. மருத்துவருக்கு எழுத நேரமில்லை. எங்கள் பிரிவோ, டிஸ்சார்ஜ் ஆன பிறகு வரும் கேஸ் ஷீட்டை அடுக்கிவைக்கும் இடமாகவே கருதப்படுகிறது. இந்தப் பொறுப்பின்மையைச் சரிசெய்யாமல் வேறு எதைச் செய்தாலும் வீண்.

காலை ஒன்பது மணிக்கு ஓ.பி. பதிவுக் கவுன்ட்டர் அருகே நின்று பாருங்கள். வரிசை வாசல்வரை நீண்டிருக்கும். பழைய சீட்டைக் கொண்டுவராத நோயாளியின் எண்ணைத் தேடி எடுப்பதைவிடப் புதிய எண் போட்டுவிடுவது சுலபம். எனவே புதிய எண். சென்ற முறை எஸ். முருகேசன், இந்த முறை முருகேசன் எஸ்., ஆதாரில் முருகேசன் சுப்பையா. திரையில் ஆங்கில எழுத்தில்தான் பெயரைத் தட்ட வேண்டும். அழகம்மாளின் ழகரத்துக்கு ஒருவர் இசட்-எச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார். வயது "அறுபது இருக்கும்" என்றால் பிறந்த நாள் ஜனவரி 1 ஆகிவிடும். தொலைபேசி எண், துணைக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரருடையது. இப்படியே ஒரே மனிதர் மூன்று நான்கு பேராகிவிடுகிறார்.

இதைக் கணக்கெழுதும் குளறுபடி என்று ஒதுக்கிவிட முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு மருத்துவமனையில், பென்சிலின் போட்டு உடம்பெல்லாம் தடித்துப்போன ஒரு பெண்மணியின் விவரம் பழைய எண்ணில் தெளிவாகப் பதிவாகியிருந்தது. அவரை மறுபடி உள்நோயாளியாகச் சேர்த்தது புதிய எண்ணில். அங்கே ஒவ்வாமைக் கட்டத்தில் "இல்லை" என்றிருந்தது. யாரும் அவரிடம் கேட்டு அதை எழுதவில்லை. அந்தக் கட்டத்தை நிரப்பாமல் மென்பொருள் அடுத்த பக்கத்துக்கு விடாது என்பதால் தட்டப்பட்ட "இல்லை" அது. மகள் பையிலிருந்து பழைய சீட்டை எடுத்துக் காட்டியதால் ஊசி நிறுத்தப்பட்டது. மகள் கூட வராத நோயாளிகளை நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

அடுத்தது கடவுச்சொல். வார்டில் ஒரே லாகினில் மூன்று ஷிப்டும் ஓடுகிறது. கடவுச்சொல் மானிட்டரின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. மருந்தளவை யார் திருத்தினார்கள், ஒருவருடைய எச்.ஐ.வி. பரிசோதனை முடிவை யார் திறந்து பார்த்தார்கள் என்று பின்னால் எப்படிக் கண்டுபிடிப்பது? செவிலியர்களைக் குறை சொல்லி இதைக் கடந்துவிடக் கூடாது. உள்ளே நுழையவே இரண்டு நிமிடம் எடுக்கும் கணினியை, முப்பது நோயாளிகளைப் பார்க்கும் ஒருவரிடம் கொடுத்தால் வேறென்ன நடக்கும்?

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் இணையத் தாக்குதலில் முடக்கப்பட்டபோது, பதிவு முதல் பரிசோதனை முடிவுவரை எல்லாம் பல நாட்கள் கையால் எழுதப்பட்டன. ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. நெட்வொர்க்கை முறையாகப் பிரித்து வைக்காததே காரணம் என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. பாதிக்கப்படாத இன்னொரு சர்வரில் நகல் இருந்ததால் தரவு மீண்டது. உங்கள் ஊர் மருத்துவமனையில் அப்படி ஒரு நகல் இருக்கிறதா, அதிலிருந்து தரவை மீட்டெடுத்துப் பார்த்தது எப்போது என்று நிர்வாகியிடம் கேட்டுப் பாருங்கள்.

சட்டம் வந்துவிட்டதே என்பார்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஆனால் உடல்நலத் தரவுக்கு அதில் தனி இடம் இல்லை. உங்கள் மனநலச் சிகிச்சை விவரமும் நீங்கள் துணிக்கடையில் கொடுத்த தொலைபேசி எண்ணும் ஒரே வகை. காகிதத்திலேயே தங்கிவிடும் கேஸ் ஷீட்டுக்கு அது பொருந்தவும் பொருந்தாது. அபராத பயம் ஒரு பூட்டு வாங்கவைக்கும். முருகேசனின் நான்கு எண்களை ஒன்றாக்க அது உதவாது.

இங்கிலாந்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. மனநல மருத்துவர் பியோனா கால்டிகாட் தலைமையிலான குழு 1997இல் தந்த அறிக்கையின்படி, அந்நாட்டுப் பொது மருத்துவச் சேவையின் ஒவ்வொரு நிறுவனத்திலும் நோயாளித் தகவலுக்கென ஒரு மூத்த அதிகாரி 'கால்டிகாட் காப்பாளர்' என்று நியமிக்கப்படுகிறார். ஒரு தகவலை யாருக்குத் தரலாம், தரக் கூடாது என்ற கேள்வி அவர் மேசைக்குப் போகிறது. அதனால் அங்கே தவறே நடப்பதில்லை என்று சொல்லவில்லை. நடந்தால் கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கிறார்.

நம் மருத்துவமனைகளிலும் அப்படி ஒருவர் வேண்டும். மருத்துவக் கண்காணிப்பாளருக்கு நேரடியாகப் பதில் சொல்பவராக, "இந்தப் படிவத்தை மாற்றுங்கள்" என்று உத்தரவிடும் அதிகாரம் உள்ளவராக. பிறந்த தேதியும் தொலைபேசி எண்ணும் கொண்டு தேடிய பிறகே புதிய எண் என்ற விதியை அவர் கொண்டுவர வேண்டும். அதற்குக் கவுன்ட்டரில் இன்னோர் ஆளையும் கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வாமைக் கட்டத்தில் "கேட்கவில்லை" என்றும் ஒரு தெரிவு சேர்க்க வேண்டும். இரட்டை எண்களை மாதந்தோறும் மருத்துவர் கையெழுத்தோடு இணைக்க வேண்டும். வேலையை விட்டுப் போனவரின் லாகினை அன்றே மூட வேண்டும். மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் என்.ஏ.பி.எச். வாரியத்தின் ஆய்வுக்கு முந்தைய வாரம் மட்டும் விடிய விடியக் கோப்பு சரிபார்க்கும் வழக்கம் ஒழிய வேண்டும். ஆய்வாளர் போன மறுநாளே அந்த வேகம் காணாமல்போவதைப் பார்த்தவள் சொல்கிறேன்.

நோயாளிகளுக்கும் ஒரு வார்த்தை. பழைய எண்ணைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் பெயர், வயது, ஒவ்வாமை மூன்றையும் வார்டைவிட்டுக் கிளம்பும் முன்பே படித்துப் பாருங்கள். தவறிருந்தால் திருத்தித் தரச் சொல்லுங்கள். உள்நோயாளியாக இருந்ததற்கான ஆவணங்களை நீங்கள் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளில் இருக்கிறது. வாய்மொழியாகக் கேட்டால் "அடுத்த வாரம் வாங்க" என்பார்கள். எழுத்தில் கேளுங்கள், தேதியோடு ஒப்புகை வாங்குங்கள்.